அடுக்குத் தரவும் விருப்ப வசதியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் மென்பொருள் படிக்கும் பிள்ளைகள் தங்கள் செயல்திட்டங்களை என்னிடம் காட்டுவார்கள். பலரும் எடுத்துக்கொள்வது தோட்டக் கணக்கு: எஸ்டேட், அதற்குள் டிவிஷன், அதற்குள் நம்பர் மலை (எண்ணிட்ட தேயிலைப் பகுதி), அதற்குள் ஒவ்வொருவர் எடுத்த கொழுந்து. அடுக்குத் தரவைப் பழக அருமையான விஷயம்தான். ஆனால் பிள்ளைகள் மாறினாலும் தவறுகள் மாறுவதில்லை; நானும் ஒரு காலத்தில் செய்தவை. பொத்தான் சின்னது, எழுத்து மங்கல் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் சொல்லித் தருவார்கள்.

விருப்ப வசதிக்கு வெறும் ட்ரூ, ஃபால்ஸ்

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். தராசிலிருந்து எடையை புளூடூத் வழியாக நேரே போனுக்கு எடுக்கும் வசதி இருக்கிறது என்று வையுங்கள். எஸ்டேட்டுக்கு ஒரு பூலியன், அதாவது ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டும் ஏற்கும் புலம்; டிவிஷனுக்கு ஒரு பூலியன். டிவிஷனை உருவாக்கும்போதே ஃபால்ஸ் என்று பதிவாகிவிடும். அந்த ஃபால்ஸ் யார் எடுத்த முடிவு? கணக்கப்பிள்ளை வேண்டாம் என்றாரா, அவரிடம் யாரும் கேட்கவே இல்லையா? டேட்டாபேஸைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் எஸ்டேட் மட்டத்தில் இந்த வசதியை ஒன் செய்தார்கள். ஒரு டிவிஷனிலும் வேலை செய்யவில்லை, எல்லாவற்றிலும் ஃபால்ஸ் உட்கார்ந்திருந்தது. சரி என்று புரோகிராம் எழுதிய பையன் அத்தனை ஃபால்ஸையும் ஒரே கட்டளையில் ட்ரூ ஆக்கிவிட்டான். கீழ்ப்பிரிவு என்ற டிவிஷனில் தராசின் புளூடூத் பழுது; அதனால் வேண்டுமென்றே ஓஃப் செய்துவிட்டு எடையைக் கையால் பதிந்துவந்தார்கள். அதுவும் சேர்ந்து ஒன் ஆனது. மறுநாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு காட்டிய எடை சரி, பெண்களும் பார்த்துவிட்டுப் போனார்கள். போனில் பதிவானதோ 0 கிலோ. சம்பளச் சீட்டு வந்த பிறகுதான் அந்த நாளுக்கு எல்லோருக்கும் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்திருப்பது தெரிந்தது. அப்புறம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். தராசு பதிலே தராததை 0 என்று எழுதியதும் இதே தவறுதான்.

ஒன், ஓஃப், 'மேலே உள்ளபடி' என மூன்று நிலை வேண்டும். மூன்றாவதற்கு எதையும் சேமிக்காதீர்கள். வாசிக்கும் நேரத்தில் டிவிஷனில் இல்லையென்றால் எஸ்டேட்டில் போய்ப் பார்க்கட்டும். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) அப்படித்தான் செய்கிறது: கணினி முழுவதற்கும், பயனருக்கும், அந்தக் களஞ்சியத்துக்கும் தனித்தனி அமைப்புகள், உள்ளே எழுதாதது வெளியிலிருந்து வரும். எந்த மதிப்பு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று காட்டவும் அதில் வழி உண்டு. உங்கள் திரையிலும் 'ஒன், எஸ்டேட்டிலிருந்து' என்று தெரியட்டும்.

செக்பொக்ஸ் இதற்கு ஆகாது. எச்டிஎம்எல் படிவத்தில் டிக் போடாத செக்பொக்ஸ் சர்வருக்குப் போவதே இல்லை. ஓஃப் செய்தாரா, படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லையா என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? நடுவில் கோடு காட்டும் நிலை வெறும் தோற்றம், அதையும் அனுப்ப முடியாது. மூன்று ரேடியோ பொத்தான் போடுங்கள்.

செயலி சர்வரோடு பேசும் வழியான ஏபிஐயிலும் 'எழுதியதை நீக்கு' என்று சொல்ல வழி வேண்டும். 2014இல் வந்த ஜேசன் மெர்ஜ் பேட்ச் (மாற்ற வேண்டிய புலங்களை மட்டும் அனுப்பும்) முறையில், 'மதிப்பு இல்லை' என்று குறிக்கும் நல் (null) அனுப்பினால் அந்தப் புலம் நீங்கும். அனுப்பாமல் விட்டால் இருந்தபடி இருக்கும். ஜாவாஸ்கிரிப்டில் இரட்டைச் செங்கோடு (||) போட்டு இயல்பு மதிப்பு கொடுப்பவர்கள் கவனிக்க: தெரிந்தே எழுதிய ஃபால்ஸையும் 0வையும் அது விழுங்கிவிடும். மதிப்பே இல்லாதபோது மட்டும் இயல்பு மதிப்பைத் தரும் இரட்டைக் கேள்விக்குறி (??) 2020 முதலே இருக்கிறது.

ஒளித்துவைத்த 'தற்போதைய டிவிஷன்'

தெரிவுசெய்த டிவிஷனை செஷனில், அதாவது எல்லா டேப்புக்கும் பொதுவாகச் சர்வர் அந்தப் பயனருக்கு வைத்திருக்கும் நினைவில், வைத்தால், இரண்டு டேப் திறந்தவர் மேல்பிரிவுக் கணக்கைக் கீழ்ப்பிரிவில் சேமிப்பார். பக்க முகவரியில் வையுங்கள், சேமிக்கும்போதும் சேர்த்து அனுப்புங்கள்.

ஓஃப் ஆன வசதியை மறைப்பது

மறைக்காதீர்கள். எந்த மட்டத்தில் ஓஃப் என்று அங்கேயே எழுதுங்கள்.

சிக்னல் இல்லாத மலை

பகலில் போனில் சேர்த்துவைத்த பதிவுகளை மாலையில் அனுப்பும்போது, மாலையில் உள்ள அமைப்பை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். நடுவே யாராவது அமைப்பை மாற்றியிருந்தால் எல்லாம் குழம்பும். எடை போட்ட நேரத்தில் எந்த டிவிஷன், எடை தராசிலிருந்து வந்ததா, கையால் பதிந்ததா என்பதை அந்தப் பதிவுக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.