டிவைட்: ஒரே சொல், மூன்று விடை

மொழிபெயர்ப்பு பழக வருபவர்களின் வரைவைத் திருத்தும்போதெல்லாம் என் பழைய கூத்தைத்தான் மறுபடி பார்க்கிறேன். எழுத்துப்பிழையை விடுங்கள், அதற்கு மென்பொருள் இருக்கிறது. நான் சொல்வது 'டிவைட்' (divide) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கும்போது வரும் தடுமாற்றத்தை.

இன்டூ வந்தால் நின்று படியுங்கள்

'டிவைட் 100 இன்டூ 4 பார்ட்ஸ்' என்றால் நூறை நான்கு பங்காகப் பிரி. இதில் யாரும் தடுக்கி விழுவதில்லை. 'டிவைட் 4 இன்டூ 100' என்று வந்தால்தான் ஆபத்து. போன வாரம் ஒருவர் '4-ஐ 100-ஆல் பெருக்குக' என்று எழுதியிருந்தார், விடை 400. பெருக்கல் குறியை 'இன்டூ' என்றே சொல்லி வளர்ந்தவர்கள் நாம், கை தானாக அங்கே போய்விடுகிறது. நான் ஒரு காலத்தில் செய்தது வேறு. கணக்குப் பயிற்சி நூல் ஒன்றில் '4-ஐ 100-ஆல் வகுக்க' என்று போட்டேன். 0.04 வந்தது. மூலத்தின் கடைசிப் பக்கத்தில் விடை 25 என்று இருந்ததைப் பார்த்து, அச்சுப்பிழையாக்கும் என்று அதையும் நானே 'திருத்தி' வைத்தேன் பாருங்கள், அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. நூறில் நான்கு எத்தனை முறை அடங்கும் என்பதுதான் கேள்வி, அதாவது 100-ஐ 4-ஆல் வகு. அத்தியாயம் முழுக்க இப்படியே தலைகீழாகப் போய், அச்சான பிறகு தெரிந்து, மறு அச்சுச் செலவில் ஒரு பகுதி என் கூலியில் கழிந்தது.

பங்கு, குழு என்று ஏதாவது பின்னால் வந்தால் 'பிரி'. வெறும் எண் மட்டும் நின்றால் 'வகு', அதுவும் பின்னால் வரும் எண்ணை முன்னால் வரும் எண்ணால்.

பை ஹாஃப், இன் ஹாஃப்

பத்தை 'இன் ஹாஃப்', அதாவது சரிபாதியாக, பிரித்தால் 5. 'பை ஹாஃப்', அதாவது அரையால், வகுத்தால் 20. பேச்சில் ஆங்கிலேயர்களே குழப்புவார்கள், கணக்கில் மன்னிப்பு இல்லை.

அவை 'டிவைடெட்' ஆனால்

பிரிட்டன் நாடாளுமன்றச் செய்தியில் 'தி ஹவுஸ் டிவைடெட்' என்று வந்ததை 'அவை பிளவுபட்டது' என்று ஒருவர் எழுதிவிட்டார். சண்டை எதுவும் நடக்கவில்லை, வாக்கெடுப்புதான் நடந்தது. ஆதரிப்பவர்கள் அவையை ஒட்டிய ஒரு லாபிக்கும் (கூடத்துக்கும்) எதிர்ப்பவர்கள் இன்னொரு லாபிக்கும் நடந்துபோய் எண்ணிக்கை கொடுப்பார்கள், அதனால் அந்தப் பெயர்.

பெயர்ச்சொல்லாக வந்தால்

'டிஜிட்டல் டிவைட்' வகுத்தல் அல்ல, இணைய வசதி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உள்ள இடைவெளி. அமெரிக்க நிலவியலில் வந்தால் நீர்ப்பிரிமேடு, மழைநீர் இரு பக்கமும் பிரிந்து ஓடும் மேட்டு நிலம்.

ஸ்ப்ளிட்

'பிரி' என்ற பொருளில் டிவைடுக்குப் பதிலாக வரும் இந்தச் சொல் இறந்தகாலத்திலும் ஸ்ப்ளிட்தான். 'ஸ்ப்ளிட்டட்' கிடையாது.