மனச்சோர்வு மாத்திரை: முதல் ஆறு வாரங்களைக் கடப்பது எப்படி?

கிளினிக்கில் எழுதிக்கொடுப்பது செர்ட்ராலினோ எஸ்சிட்டாலோபிராமோ, வேலை ஒன்றுதான். நரம்பணு (நரம்பு செல்) வெளியே விட்ட செரட்டோனின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளைத் திரும்ப உள்ளே இழுக்கும் வாயிலை அது அடைக்கிறது. உள்ளே போனதில் ஒரு பகுதியை மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி சிதைத்துவிடும். வாயிலை அடைத்தால் அந்தச் சிதைவும் குறையும். மாத்திரை புதிதாகச் செரட்டோனினைச் செய்வதில்லை.

இந்த அடைப்பு சில மணி நேரத்திலேயே ஏற்பட்டுவிடும். மனம் தேறவோ 2 முதல் 6 வாரம் ஆகும். செரட்டோனின் கூடியதை உணரும் ஏற்பிகள் (நரம்பணுவின் மேலுள்ள உணர்விகள்) முதலில் நரம்பணு அதை வெளியே விடும் வேகத்தைக் குறைக்கின்றன. அவை மரத்துப்போக வாரக்கணக்காகும் என்பதே பரவலான விளக்கம். பத்தாம் நாளில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. இரத்தத்தில் செரட்டோனினை அளந்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

செர்ட்ராலினைப் பலருக்கு ஒரு வாரம் 25 மில்லிகிராம், பிறகு 50 என்று தொடங்குவார்கள். காலையில் பசியாறிய பிறகு விழுங்குங்கள். உடலின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. குமட்டலும் வயிற்றுப்போக்கும் வருவது அதனால்தான். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். தூக்கம் சொக்கினால் மருத்துவரைக் கேட்டு இரவுக்கு மாற்றலாம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. விழுங்கியதும் சமையலறை நாள்காட்டியில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

பார்மசியில் இருமல் மருந்து வாங்கும்போது இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். இருமல் மருந்திலுள்ள டெக்ஸ்ட்ரோமெதோர்பான், வலிக்குத் தரும் டிரமடால், செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை, 5-ஹெச்டிபி என்ற துணைச்சத்து மாத்திரை ஆகியவை சேர்ந்தால் செரட்டோனின் எல்லை மீறலாம். கோலாலம்பூர் வெயிலில் எல்லாருக்கும்தான் வியர்க்கும். வியர்வையோடு நடுக்கம், தசைத் துடிப்பு, குழப்பம் சேர்ந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வலி மாத்திரையான இபுபுரூஃபன் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். தலைவலிக்குப் பாராசெட்டமால் நல்லது.

25 வயதுக்குட்பட்டவர்களை முதல் வாரங்களில் வீட்டார் கூடவே கவனிக்க வேண்டும். படபடப்பு ஏறினாலோ சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பேச ஆள் தேவைப்பட்டால், மலேசியாவின் மனநல உதவித் தொலைபேசியான தாலியான் ஹீல் எண் 15555.

தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உடலில் செர்ட்ராலின் ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகிவிடும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும், மின்சாரம் பாய்ந்தது போன்ற அதிர்வும் வரலாம். இதே வகை மாத்திரையான ஃப்ளூஆக்செட்டின் வெளியேற வாரங்கள் ஆவதால் இந்தத் தொல்லை குறைவு. தீபாவளிக்குப் பினாங்குக்குக் கிளம்பும் முன், பட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணிவிட்டுப் பையைக் கட்டுங்கள்.