புது எஞ்சினில் கசிவுச் சோதனை: மானியைப் பார்த்து ஹெட்டைக் கழற்றாதீர்கள்

போன மாதம் ஹட்டனிலிருந்து ஒரு தம்பி அழைத்தான். ஏப்ரலில் நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றப் போட்டிக்காக ஹொண்டா பி16ஏ எஞ்சின் ஒன்றைக் கட்டியிருந்தான். இன்னும் ஒரு தடவைகூட அதை இயக்கிப் பார்க்கவில்லை. சிலிண்டருக்குள் காற்றைக் கொடுத்து எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்க்கும் கசிவுச் சோதனையை மட்டும் செய்திருந்தான். “அண்ணன், மூன்றாம் சிலிண்டரில் 18 சதவீதம் கசிகிறது. ஹெட்டைக் கழற்றிவிட்டேன்” என்றான். (ஹெட் என்பது சிலிண்டர்களை மேலே மூடும், வால்வ்கள் இருக்கும் பகுதி.) மற்ற மூன்றும் எவ்வளவு என்று கேட்டேன். 15, 16, 16. பதினைந்து வருடங்களுக்கு முன் நான் செய்த காரியத்தையே அவனும் செய்திருந்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தச் சோதனையில் நாம் செய்யும் பெரிய பிழைகளை மட்டும் சொல்கிறேன். பிளக் துளையில் இணைப்பைச் சரியாக இறுக்காதது போன்ற சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவற்றை ஒரு நாளில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஓடாத எஞ்சினின் எண்ணைத் தீர்ப்பாகக் கொள்வது

பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக 100 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காற்றைக் கொடுக்கிறோம். கருவியின் ஒரு மானி கொடுக்கும் அழுத்தத்தையும், மற்றது சிலிண்டரில் தங்கும் அழுத்தத்தையும் காட்டும். இரண்டாவது மானி 92 காட்டினால் கசிவு 8 சதவீதம். நன்றாக ஓடிப் படிந்த பந்தய எஞ்சினில் 5 சதவீதத்துக்குக் கீழே எதிர்பார்ப்பேன், 10 வரை பொறுத்துக்கொள்வேன். இந்த அளவுகோல் படிந்த எஞ்சினுக்கு உரியது.

புதிதாக ஹோன் செய்த, அதாவது கல்லால் தேய்த்து நுண்ணிய கோடுகள் போட்ட, சிலிண்டர்ச் சுவரில் அந்தக் கோடுகளின் முனைகள் கூராகவே இருக்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் இன்னும் அவற்றோடு தேய்ந்து பொருந்தியிருக்காது. போதாததற்கு, ஓடும்போது மேல் ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் பின்னால் புகும் எரிவாயுவின் அழுத்தம். அது நாம் கொடுக்கும் 100 பிஎஸ்ஐயைப் போல் பல மடங்கு. அழுத்தி அடித்துச் செய்த ஃபோர்ஜ்ட் பிஸ்டன் என்றால் குளிரில் சற்றுச் சாய்ந்தே நிற்கும். பந்தயத்துக்காக ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் நாமே கூட்டி வைத்திருப்போம். இவை அனைத்தும் சேர்ந்துதான் அந்த 18.

அன்று என் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் 16க்கும் 18க்கும் இடையில் இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி இருப்பதன் பொருள் எனக்குப் புரியவில்லை. பிஸ்டன்களை வெளியே எடுத்தேன், மறுபடி ஹோன் செய்தேன், பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் புது ரிங்கும், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கப் போடும் ஹெட் காஸ்கெட்டும் வாங்கி வந்தேன். ஒரு வாரம் போனது. மறுபடி சோதித்தால் 17. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பண்டாரவளை ஐயா ஒரே கேள்விதான் கேட்டார்: “எண்ணெய் மூடியைத் திறந்து காது வைத்தாயா?” வைக்கவில்லை. நானுஓயாப் பாதையில் ஏற்றத்தில் சுமை கொடுத்தும், இறக்கத்தில் அக்சிலரேட்டரை விட்டும் 300 கிலோமீட்டர் ஓட்டினோம். சூடாக இருக்கும்போது சோதித்தோம். 5 சதவீதம். போட்டி அதற்குள் முடிந்துவிட்டது. தேவையில்லாமல் தேய்த்த சிலிண்டர்ச் சுவரை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. இன்றும் நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

ஆகவே முதலில் காதை வையுங்கள். எண்ணெய் மூடியில் சத்தம் கேட்டால் ரிங் வழியாகப் போகிறது. நான்கிலும் ஒரே அளவு என்றால் ஓட்டுங்கள், பிறகு சூட்டில் சோதியுங்கள். காற்று உள்ளே வரும் வாயிலோ சைலன்சரிலோ சீறினால் வால்வ். அது ஓடினால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். ரேடியேட்டரில் குமிழி வந்தாலோ பக்கத்துப் பிளக் துளையில் காற்று வந்தாலோ ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகியுங்கள், எஞ்சினை இயக்கவே வேண்டாம். ஒரு சிலிண்டர் மட்டும் தனியாக 30 காட்டினால் அப்போது கழற்றுங்கள், நானே வந்து உதவுகிறேன்.

ஹட்டன் தம்பியிடம் பிஸ்டனைத் தொடாதே என்றேன். ஹெட் கையில் இருப்பதால் வால்வ் வாய்களில் பெட்ரோல் ஊற்றிக் கசிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஒரு சொட்டும் இறங்கவில்லை. புது காஸ்கெட் போட்டு மூடிவிட்டான்.

கம்ப்ரஷன் மானியோடு குழப்புவது

கம்ப்ரஷன் மானி வேறு: எஞ்சினைச் சுழற்றும்போது பிஸ்டன் தானே எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்பதை அது காட்டும். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் 180 பிஎஸ்ஐ காட்டிய எஞ்சின் இங்கே 145 அளவில்தான் காட்டும். அதைக் கண்டு பயந்து ரிங் மாற்றியவர்களை எனக்குத் தெரியும். பெரிய கேம் (வால்வ்களைத் திறக்கும் தண்டு) போட்டிருந்தால் உள்வால்வ் தாமதித்து மூடுவதால் எண் இன்னும் இறங்கும். கசிவுச் சோதனைக்குக் காற்றை நாமே கொடுக்கிறோம். மலை உயரம் அதை அவ்வளவாகத் தொடாது.

ஈரக் காற்று

எங்கள் பனிமூட்டத்தில் கம்ப்ரஷர் தொட்டிக்குள் தண்ணீர் சேராத நாளே இல்லை. வடிக்காமல் திறந்தால் அது நேரே புதுச் சிலிண்டருக்குள் போய் ஒரே இரவில் துருவாகும்.

கிராங்கில் ஸ்பனரை விட்டுவைப்பது

வேண்டாம். 81 மில்லிமீட்டர் பிஸ்டன் மீது 100 பிஎஸ்ஐ என்றால் 360 கிலோ அளவு பாரம். பிஸ்டன் உச்சியிலிருந்து சற்று விலகியிருந்தாலும் கிராங்க் திடீரெனச் சுழன்று ஸ்பனரை வீசிவிடும்.

100 சதவீதக் கசிவு

பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இல்லாமல், வால்வ்கள் திறந்திருக்கும் மற்ற உச்சியில் நிற்கலாம். கிராங்கை ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள்.

அடுத்தவர் மானியோடு ஒப்பிடுவது

மானிக்குள் இருக்கும் சிறு துளையின் அளவு மாறினால் சதவீதமும் மாறும். எங்கள் கராஜில் நான்கு எண்களையும், எந்த மானி என்பதையும், எஞ்சின் சூடா குளிரா என்பதையும் ஒரே கொப்பியில் எழுதுகிறோம். தம்பியின் எஞ்சினுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். 300 கிலோமீட்டர் முடிந்ததும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.