சாரத்தின் மேல் நிற்பவரோடு பேச: கடற்கரை ஊர்களில் இன்டர்காம் அமைக்கும் முறை

ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவே ஒரு கடற்கரைக் கிராமம். பங்குனித் திருவிழா, ராத்திரி வள்ளி திருமணம் நாடகம். நான்கு கேமரா வைத்து நேரலை செய்துகொண்டிருந்தோம். நள்ளிரவு தாண்டிய நேரம், ஜெனரேட்டர் நின்றுவிட்டது. மைதானம் முழுக்கக் கும்மிருட்டு. மூன்றாவது கேமராக்காரத் தம்பி 12 அடிச் சாரத்தின் மேல் நிற்கிறான். “இறங்காதே, அப்படியே நில்” என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்ல வழியில்லை. குழுவினர் ஹெட்செட்டில் பேசிக்கொள்ளும் இன்டர்காமும் அதே ஜெனரேட்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. தடவிக்கொண்டே இறங்கியவனுக்குக் கால் வழுக்கி, முழங்கையில் தையல் போட வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது, இன்டர்காமுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

என்னென்ன வேண்டும்

சிறிய குழுவுக்குப் பார்ட்டிலைன் முறையே போதும். எல்லோருக்கும் மின்சாரம் கொடுக்கும் ஒரு மெயின் ஸ்டேஷன், ஆளுக்கு ஒரு பெல்ட்பேக் (இடுப்பில் மாட்டும் சின்னப் பெட்டி), ஒரு ஹெட்செட், இவற்றை இணைக்க மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர் கேபிள். எல்லோரும் ஒரே லைனில் இருப்பார்கள், எல்லோருக்கும் எல்லாம் கேட்கும். போனில் கான்ஃபரன்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். கூட்டம் கூடினால் டவர் திணறும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். கம்பியில் போகும் பேச்சுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

இன்டர்காமில் கிளியர்காம், ஆர்.டி.எஸ் என்று இரண்டு கம்பெனி வகைகள் உண்டு. கிளியர்காம் வகை லைனில் 1-ஆம் பின் கிரவுண்ட், 2-ஆம் பின்னில் 30 வோல்ட் டி.சி., 3-ஆம் பின்னில் பேச்சு. பெல்ட்பேக்குக்குத் தனி பேட்டரி தேவையில்லை, கேபிளிலேயே மின்சாரம் வந்துவிடும். ஆர்.டி.எஸ் வகையில் 2-ஆம் பின்னில் மின்சாரமும் முதல் சேனலும் சேர்ந்து வரும், 3-ஆம் பின்னில் இரண்டாம் சேனல் வரும். ஆகவே வாடகைக்கு எடுக்கும்போது எல்லாம் ஒரே வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். இந்த கேபிளை மறந்தும் மைக் மிக்ஸரில் செருகிவிடாதீர்கள். மைக் லைனைப் போலவே தோன்றும், ஆனால் உள்ளே ஒரு பின்னில் மட்டும் 30 வோல்ட் நிற்கிறது.

மின்சாரம்

மெயின் ஸ்டேஷனுக்கு லைட்டும் சவுண்டும் ஓடாத ஒரு தனி லைன் கேளுங்கள். அந்த லைனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு யு.பி.எஸ் கட்டாயம். போன முறை கீழக்கரை மைக்செட்காரரிடம் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்), “காக்கா, இன்டர்காமுக்கு மட்டும் தனியா ஒரு லைன் வேணும்” என்றேன். “ரெண்டு பல்பு எரியிற கரண்டுக்கு எதுக்கு தம்பி தனி லைனு?” என்றார். சாரத்துக் கதையைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் இழுத்துக் கொடுத்தார்.

கணக்கு எளிது. உங்கள் பெல்ட்பேக்கின் லேபிளில் 50 மில்லியாம்ப் என்று இருந்தால், ஆறு பெல்ட்பேக்குக்கு 300 மில்லியாம்ப். 30 வோல்ட்டால் பெருக்கினால் 9 வாட். மெயின் ஸ்டேஷன் தனக்கு எடுத்துக்கொள்வதையும் சேர்த்து 20 வாட் என்று வையுங்கள். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யு.பி.எஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று இருக்கும். அது 84 வாட்-அவர். இன்வெர்ட்டர் இழப்பு, பேட்டரியின் வயது எல்லாம் கழித்துப் பாதியை நம்பலாம். இரண்டு மணி நேரம் ஓடும். நாடகம் விடிய விடிய நடந்தாலும் பரவாயில்லை, ஜெனரேட்டர் திரும்ப எழும் வரை தாங்கினால் போதும். கேமரா லைட்டையோ லேப்டாப்பையோ அந்த யு.பி.எஸ்ஸில் யாரும் செருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மிச்சமுள்ள ஓட்டைகளுக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுவேன்.

மெயின் லைனில் கை வைப்பது ஒயர்மேன் வேலை. எர்த் பின்னை முறித்துவிட்டுச் செருகும் பழக்கம் சில இடங்களில் உண்டு, அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். ஈர மணலில் வெறுங்காலோடு நிற்கிறோம்.

கேபிளைச் சோதிப்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மைக்செட் கடைக் கேபிள்களில் பல, மறுமுனையில் ஜாக் வைப்பதற்காக 3-ஆம் பின்னை 1-ஆம் பின்னோடு சேர்த்துச் சால்டர் வைத்தவை. மைக்குக்கு அது ஓடும். இன்டர்காம் லைனில் அப்படி ஒரு கேபிள் நுழைந்தால் பேச்சு முழுவதும் கிரவுண்டுக்குப் போய்விடும். பெல்ட்பேக்கில் விளக்கு எரியும், ஆனால் ஒருவர் பேசுவதும் இன்னொருவருக்குக் கேட்காது. குற்றம் எந்தக் கேபிளில் என்று தேடியே இரவு போய்விடும்.

ஆகவே மல்டிமீட்டரைப் பீப் முறையில் வைத்து ஒவ்வொரு கேபிளாகப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று பீப் வர வேண்டும். வேறு எந்த இரண்டு பின்னுக்கு நடுவிலும் பீப் வரக் கூடாது. கனெக்டரின் வெளி உலோகத்துக்கும் 1-ஆம் பின்னுக்கும் இணைப்பு இருக்கக் கூடாது. அது இரும்பு மேடையில் பட்டால் ‘உம்ம்’ என்ற ஹம் சத்தம் ஏறிக்கொள்ளும்.

பிறகு கனெக்டரைத் திருகிக் கழற்றி உள்ளே பாருங்கள். எங்கள் கடற்கரைக்கே உரிய பிரச்சினை இது. கச்சான் என்னும் மேல்காற்று வீசும் நாட்களில் உப்பு எங்கும் போய் உட்காரும். ஒருமுறை ஒரு கனெக்டரைத் திறந்தபோது, 3-ஆம் பின் சால்டரைச் சுற்றிப் பச்சைக் களிம்பு சுண்ணாம்பு போலப் பூத்திருந்தது. விரலால் தொட்டதும் கம்பி கையோடு வந்துவிட்டது. வெளியே பார்த்தால் புதுக் கேபிள்.

இழுத்து மாட்டுவது

மெயின் ஸ்டேஷன், எந்தக் கேமராவின் படம் போக வேண்டும் என்று மாற்றும் ஸ்விட்சர் மேசையில். அங்கிருந்து முதல் கேமரா, அதன் பெல்ட்பேக்கிலிருந்து அடுத்தது, இப்படியே சங்கிலியாகப் போகலாம். எனக்குப் பிடித்தது இரண்டு கிளைகளாகப் பிரிப்பது: ஒரு பக்கம் கேமராக்கள், மறுபக்கம் மேடை ஓரமும் லைட்காரரும். நடுவில் ஒரு கேபிள் பிடுங்கப்பட்டாலும் பாதிப் பேர் லைனில் இருப்பார்கள். கரண்ட் ஒயருக்கு இணையாகப் படுக்கவிடாதீர்கள், குறுக்கே கடந்தால் போதும். இணைப்புகளை மணலில் புதைக்காமல் ஒரு செங்கல் மேல் தூக்கி வைத்து, பாலிதீன் பையைத் தலைகீழாக மாட்டிவிடுங்கள், நீர் உள்ளே தங்காது.

கேபிள் நீள நீளக் கடைசியில் வோல்ட் குறையும். 22 கேஜ் செம்புக் கம்பி 100 மீட்டருக்குச் சுமார் 5 ஓம் தடை கொடுக்கும். கடைசி ஆளின் கேபிள் நுனியில் 1-க்கும் 2-க்கும் நடுவே வோல்ட் பாருங்கள், மற்ற எல்லாப் பெல்ட்பேக்கும் ஓடும்போது. மேனுவலில் சொன்ன கீழ் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கேபிளைத் தடிமனாக்குங்கள் அல்லது தூரத்தைக் குறையுங்கள்.

டெர்மினேஷன், சைடுடோன்

டெர்மினேஷன் என்பது பேச்சு லைனில் வைக்கும் ஒரு மின்தடை. லைன் முழுவதற்கும் ஒரே ஒரு டெர்மினேஷன்தான் இருக்க வேண்டும், கிளியர்காம் வகைக்கு 200 ஓம். வழக்கமாக மெயின் ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கும். இரண்டாவது பவர் சப்ளை சேர்த்தால் ஒன்றில் அதை அணைத்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் சத்தம் குறையும், ஒன்றும் இல்லாவிட்டால் லைன் ஊளையிடும்.

எல்லாம் மாட்டிய பிறகே சைடுடோன் திருகுங்கள். உங்கள் குரல் உங்கள் காதிலேயே கேட்கும் அளவு அது. அதிகமாகக் கேட்டால் தானாகவே மெதுவாகப் பேசிவிடுவீர்கள், கேட்கவே இல்லையென்றால் கத்துவீர்கள். பேசிக்கொண்டே சின்ன ஸ்குரூடிரைவரால் மெல்லத் திருப்பி, நடுவில் நிறுத்துங்கள்.

பேசி முடித்ததும் மைக்கை அணைப்பதைப் பழக்கமாக்குங்கள். ஆறு மைக் திறந்திருந்தால் ஆறு பக்கத்துக் கடற்காற்றும் எல்லோர் காதிலும் வந்து விழும். அழைக்கும்போது பெயர் முதலில்: “கேமரா மூணு, டைட் போங்க” (நெருக்கமாகக் காட்டுங்கள் என்று அர்த்தம்). பதில்: “மூணு, சரிண்ணே.” இவ்வளவு போதும்.

மக்கள் வருமுன் ஒரு முறை வேண்டுமென்றே யு.பி.எஸ்ஸின் பிளக்கைப் பிடுங்குங்கள். எல்லோரும் இருட்டில் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எல்லோரும் பதில் சொன்ன பிறகு பிளக்கைத் திரும்பச் செருகுங்கள்.

விடிந்ததும் கேபிளை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காயவைத்த பிறகே சுருட்டுங்கள். உப்போடு சுருட்டிப் பெட்டியில் வைத்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.