பிரித்தானியாவில் புரோட்பேண்ட்: கம்பனியைக் கேட்கும் முன் கம்பியைப் பாருங்கள்

வந்து இறங்கிய வாரமே வீட்டில் இன்டர்நெட் வேண்டும். வேலை விண்ணப்பம், பேங்க், ஜிபி (குடும்ப டொக்டர்) பதிவு, ஊரோடு வீடியோ கால் எல்லாம் அதில்தான். எந்தக் கம்பனி நல்லது என்று யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். ஒருவர் "ஸ்கை போடு" என்பார். இன்னொருவர் "அந்தப் பக்கமே போகாதே, வேர்ஜின்தான்" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை, அவரவர் தெருவைப் பற்றிச் சொல்கிறார்கள். இங்கே புரோட்பேண்ட் நிலவரம் தெருவுக்குத் தெரு மாறும், சில வேளை அடுத்தடுத்த கட்டடங்களுக்கே மாறும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். உங்களுக்குப் பில் அனுப்பும் கம்பனி வேறு, வீட்டுக்குள் வரும் கம்பியின் சொந்தக்காரர் வேறு. பிடி, ஸ்கை, டோக்டோக், வோடபோன், பிளஸ்நெட், இஇ என்று விளம்பரங்களில் எத்தனையோ பெயர்கள். இவற்றில் பெரும்பாலான இணைப்புகள் ஓடுவது ஓப்பன்ரீச் என்ற ஒரே நிறுவனத்தின் கம்பியில். அதிலும் பிடி, இஇ, பிளஸ்நெட் மூன்றும் ஒரே முதலாளியுடையவை. மூன்று கடை ஏறி விலை கேட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

இப்படி ஆனதற்கு ஒரு கதை உண்டு. 1984இல் பிரிட்டிஷ் டெலிகொம் (பிடி) தனியார்மயமானபோது நாட்டின் தொலைபேசிக் கம்பி ஏறக்குறைய முழுவதும் அதன் கையில் இருந்தது. பிறகு இன்டர்நெட் விற்க வந்தவர்கள் எல்லாரும், தங்களோடு போட்டி போடும் கம்பனியிடமே கம்பியை வாடகைக்கு எடுக்க வேண்டிய நிலை. சொந்தக் கடைக்கு நல்ல சேவை, மற்றவர்களுக்கு இழுத்தடிப்பு என்ற முறைப்பாடு ஓயவில்லை. கண்காணிப்பு அமைப்பான ஒஃப்கொம் 2005இல் பிடியிடம் உறுதிமொழி வாங்கியது. 2006இல் ஓப்பன்ரீச் தனிப் பிரிவானது, 2017இல் தனிக் கம்பனியாகவே பதிவானது. இன்றும் அதன் உரிமை பிடி குழுமத்திடம்தான். ஆனால் எல்லாக் கம்பனிகளுக்கும் ஒரே நிபந்தனையில் கம்பியைத் தர வேண்டும் என்பது விதி.

இதனால் உங்களுக்கு என்ன? ஸ்கை எடுத்தாலும் ஓப்பன்ரீச் லைன் பழுதானால் வாசலில் வந்து நிற்பது ஓப்பன்ரீச் வேன்தான். ஆனால் நீங்கள் நேரே ஓப்பன்ரீச்சைக் கூப்பிட முடியாது. பில் அனுப்புகிறவரிடம்தான் முறையிட வேண்டும். தெருமுனைப் பச்சைப் பெட்டியிலிருந்து உங்கள் சுவர் வரை பழைய செப்புக் கம்பி வருகிறது, அது மந்தம் என்றால், ஸ்கையிலிருந்து வோடபோனுக்கு மாறினாலும் அதே கம்பிதான், அதே மந்தம்தான். மாறுவது விலை, ரவுட்டர், போனை எடுத்துப் பேசும் ஆள். இந்தக் கடைசி விஷயத்தைக் குறைத்து மதிக்காதீர்கள்.

உண்மையான போட்டி இரண்டாவது கம்பி வரும்போதுதான் தொடங்குகிறது. வேர்ஜின் மீடியாவுக்குத் தன் சொந்தக் கேபிள் இருக்கிறது. சிட்டிஃபைபர் பல நகரங்களில் ஃபைபர் (செம்புக்குப் பதிலாக வரும் வேகமான கண்ணாடி இழைக் கம்பி) போட்டு, தான் வீடுகளுக்கு விற்காமல் வோடபோன் போன்றவர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கிறது. அடுக்குமாடிகளில் ஹைப்பரொப்டிக், லண்டனில் கொம்யூனிட்டி ஃபைபர். ஹல் நகரம் தனிக்கதை, அங்கே தொலைபேசிக் கம்பி ஆதியிலிருந்தே பிடியுடையது அல்ல, கேகொம் என்ற உள்ளூர்க் கம்பனியுடையது. ஓப்பன்ரீச் தன் நிலத்தடிக் குழாய்களையும் கம்பங்களையும் போட்டியாளர்களுக்கும் வாடகைக்கு விட வேண்டும் என்று விதி இருப்பதால், புதியவர்கள் தெருவெல்லாம் தோண்டாமலே ஃபைபர் இழுக்கிறார்கள். இரண்டு மூன்று கம்பி வரும் தெருவில் இருப்பவர் விலை பேசலாம். "பக்கத்துக் கம்பனி குறைத்துத் தருகிறது, போகப்போகிறேன்" என்று போனில் சொன்னாலே பேச்சு மாறும். ஒற்றைக் கம்பித் தெருவில் அந்த மிரட்டல் அவ்வளவாக எடுபடாது.

பார்ப்பது எப்படி? ஒஃப்கொமின் தளத்தில் போஸ்ட்கோட் கொடுத்தால் போதாது, கதவு இலக்கத்தையும் தெரிவு செய்யுங்கள். கீழ்வீட்டுக்குக் கிடைக்கும் ஃபைபர் உங்கள் ஃபிளாட்டுக்குக் கிடைக்காமல் போகலாம். கட்டட உரிமையாளர் அனுமதி கொடுத்திருக்க மாட்டார். வாடகை வீடென்றால் சுவரில் துளை போடும் முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வட்ஸ்அப் செய்தி என்றாலும் பரவாயில்லை. முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன சின்ன வெள்ளைப் பெட்டி சுவரில் இருந்தால், ஃபைபர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கழற்றாதீர்கள். விளம்பரத்தில் ஃபைபர் என்று இருந்தால் "வீட்டுக்குள் வரை ஃபைபரா, தெருமுனைப் பச்சைப் பெட்டி வரையா?" என்று கேளுங்கள்.

இனி புதிதாக வந்தவர்கள் சறுக்கும் இடம்: ஒப்பந்தம். வாடகை ஒப்பந்தம் ஒரு வருடம், புரோட்பேண்ட் ஒப்பந்தம் 24 மாதம். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகும்போது அங்கே அந்தக் கம்பனி இல்லையென்றால், மிச்ச மாதங்களுக்குக் காசு கேட்பார்கள். முதல் வருடம் நீங்கள் வீடு மாறத்தான் போகிறீர்கள். மாதத்துக்குச் சில பவுண்ஸ் கூடினாலும் 30 நாள் ஒப்பந்தமே நல்லது என்பேன், அல்லது சிம் போட்ட 5ஜி ரவுட்டர். கிரெடிட் வரலாறு (கடன், பில் ஒழுங்காகக் கட்டிய பதிவு) இல்லாததால் சில கம்பனிகள் மறுக்கும், சில முன்பணம் கேட்கும். அது உங்கள் குறை அல்ல, அடுத்ததைப் பாருங்கள்.

2025 ஜனவரி 17 முதல் போடும் ஒப்பந்தங்களில், நடுவில் விலை ஏறுமானால் எவ்வளவு ஏறும் என்பதைப் பவுண்ஸ், பென்ஸ் கணக்கிலேயே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். முதல் மாத விலையை விட்டு அந்த வரியைத் தேடிப் படியுங்கள். ஒன்லைனிலோ போனிலோ போட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்துச் செய்யலாம், ஆனால் அதற்குள் பாவித்த சேவைக்குக் காசு கேட்கலாம். குறைந்த வருமானக்காரருக்கான சோஷல் டரிஃப் என்ற சலுகை விலை, பெரும்பாலும் யுனிவர்சல் கிரெடிட் போன்ற அரசு உதவித்தொகை எடுப்பவர்களுக்குத்தான். பொது நிதி இல்லை, அதாவது அந்த உதவித்தொகைகளை எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விசா இருந்தால் அவற்றுக்கு விண்ணப்பிக்கப் போக வேண்டாம்.

மாற நினைத்தால் பழைய கம்பனியைக் கூப்பிட்டுக் கெஞ்சத் தேவையில்லை. 2024 செப்டெம்பர் 12 முதல் புதிய கம்பனியிடம் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே பார்ப்பார்கள். எவ்வளவு அபராதம் வரும் என்ற கணக்கு பழைய கம்பனியிடமிருந்து உங்களுக்கு வரும், அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள். பழைய ரவுட்டரைக் குப்பையில் போடாதீர்கள். திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்பி, தபால் ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்று சொல்லிக் காசு கேட்டால் அந்தப் படத்தைத்தான் காட்ட வேண்டும்.