மொனாக்கோ: தேதியில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்

பிரான்ஸின் நீஸ் நகரில் வேலை பார்த்த நான்கு வருடங்களில், ஊரிலிருந்து வருகிறவர்களை எல்லாம் பக்கத்துக் குட்டி நாடான மொனாக்கோவுக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பாகிவிட்டது. ரயிலில் இருபது நிமிஷம் சொச்சம்தான். இப்போதும் கிளம்புகிறவர்கள் பயணத் திட்டத்தை அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். முதல் தடவை நான் சறுக்கிய அதே இடத்தில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். அங்கே விலை அதிகம், நல்ல செருப்பு வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பந்தய நாட்களை மட்டும் தவிர்ப்பது

கிராண்ட் பிரீ கார் பந்தயம் நடக்கும் அந்த நாலு நாள் போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். அம்மா வந்திருந்தார். துறைமுகக் கரையில் நடக்க வேண்டும், அந்தப் பெரிய படகுகளைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. பந்தயத்துக்குத்தான் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே என்று மே நடுவில் கூட்டிப்போனேன்.

சாலை நெடுக இரும்புத் தடுப்பு. அதன் மேல் ஆளுயரத்துக்கும் அதிகமாகக் கம்பிவலை. அதற்குப் பின்னால் அடுக்கடுக்காகப் பார்வையாளர் மாடங்கள். வலையில் விரலைக் கோத்துக்கொண்டு அம்மா எட்டி எட்டிப் பார்த்தார். ஒரு படகின் கொடிக்கம்பம் தெரிந்தது, அவ்வளவுதான். சாலையைக் கடக்கத் தற்காலிக இரும்புப் பாலம். முழங்கால் வலியோடு அதில் ஏறி இறங்கினார். "இதுக்காப்பா வந்தோம்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவரால் அவ்வளவு தூரம் வர முடியவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இது தனி மைதானத்தில் நடக்கும் பந்தயம் இல்லை. 1929லிருந்து ஊர்ச் சாலைகளில்தான் ஓடுகிறார்கள். நாட்டின் பரப்பே சுமார் 2 சதுர கிலோமீட்டர். ஒரு சுற்றின் நீளமோ 3.337 கிலோமீட்டர். துறைமுகமும் கேசினோ என்ற சூதாட்ட விடுதியின் வாசலும் அந்தச் சுற்றுக்குள்தான் வருகின்றன. தடுப்புகளைப் பொருத்தும் வேலை பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும், கழற்றவும் வாரக்கணக்கில் ஆகும். இன்னொன்று: பழைய பயணக் குறிப்புகளில் பந்தயம் மே கடைசியில் என்று இருக்கும். 2026 முதல் அதை ஜூன் தொடக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே மே முழுக்கவும் ஜூனும் வேண்டாம். பழைய கார்களுக்கான பந்தயம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இதே சாலைகளில் நடக்கிறது என்பதால், ஏப்ரல் என்றாலும் விசாரித்துவிட்டே டிக்கெட் போடுங்கள்.

சரி, செப்டம்பரில் போகலாமா? அந்த மாதக் கடைசியில் படகுக் கண்காட்சி வந்து துறைமுகத்தை அடைத்துக்கொள்ளும். அக்டோபர்தான் என் தேர்வு. கார்கள் பறக்கும் அதே சுரங்கப்பாதையில், ஹேர்பின் வளைவில், நீங்கள் நிதானமாக நடந்தே ஒரு சுற்று வரலாம்.

மேப்பை நம்பி நடப்பது

மேப்பில் 200 மீட்டர் என்று காட்டும்; நடுவில் செங்குத்தாக மலை நிற்கும். ரயில் நிலையமே பாறைக்குள்தான் இருக்கிறது. எந்த வாசல் வழியாக வெளியே வருகிறோம் என்பதைப் பொறுத்துப் பாதி ஏற்றம் குறையும். ஊர் முழுக்கப் பொது லிஃப்ட்களும் எஸ்கலேட்டர்களும் உண்டு. காசு கிடையாது. வயதானவர்களோடு போகிறவர்கள் முதலில் அவற்றைத் தேடுங்கள்.

சிம்

மொனாக்கோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஐரோப்பாவுக்கென்று வாங்கிய சிம் அங்கே வேலை செய்யாமல் போகலாம்; சிம் திட்டத்தில் மொனாக்கோவின் பெயர் தனியாக இருக்கிறதா பாருங்கள்.

கேசினோ

உள்ளே போக 18 வயது ஆகியிருக்க வேண்டும், கையில் அசல் பாஸ்போர்ட் வேண்டும்.

பாறை மேல் ஏறாமல் திரும்புவது

கேசினோ வாசலில் நிற்கும் கார்களோடு படம் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடிக்கிறார்கள். மனசு கேட்கவில்லை. பழைய ஊர் மேலே பாறையில் இருக்கிறது. அரண்மனை வாசலில் 11.55க்குக் காவலர் மாற்றம். அப்புறம் கொஞ்ச தூரத்தில் பேராலயம். பலிபீடத்தைச் சுற்றிப் போனால் தரையில் வரிசையாகக் கல்லறைப் பலகைகள். அதில் ஒன்று கிரேஸ் கெல்லியுடையது. ஹாலிவுட்டை விட்டு 1956ல் மொனாக்கோவை ஆண்ட இளவரசர் ரெய்னியரை மணந்து, 1982ல் கார் விபத்தில் இறந்தவர். கல்லில் லத்தீனில் 'கிராசியா பாத்ரிசியா', மூன்றாம் ரெய்னியரின் மனைவி, இறந்த ஆண்டு. நடிகை என்ற சொல்லே கிடையாது. பக்கத்தில் 2005ல் ரெய்னியரும் வந்து சேர்ந்துவிட்டார்.

அன்றைக்கு அம்மா அங்கேதான் அதிக நேரம் நின்றார். திரும்பும்போது அரண்மனைத் திடலின் மதில் ஓரத்தில் போய் நின்றோம். கீழே துறைமுகம் முழுசாகத் தெரிந்தது, கைக்கு எட்டாத தூரத்தில்.