ஐப்பசி ஈரத்தில் பழைய தேக்கு: பாலிஷ்காரரை அழைக்கும் முன்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் தேக்கு அலமாரி, ஈட்டி மர மேசை, பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலி, ஊஞ்சல் பலகை என்று ஏதாவது ஒன்று இன்னும் இருக்கும். வீட்டில் கல்யாணம் என்றதும் அதை முற்றத்தில் போட்டு, உப்புத்தாளால் வெள்ளை மரம் தெரியும்வரை தேய்த்து, பளபளவென்று மெலமைன் அடித்து விடுகிறார்கள். எண்பது, நூறு வருஷம் கைபட்டுக் கறுத்த மேற்பரப்பு ஒரே பகலில் தூளாகிப் போகிறது. அதைத் திரும்பக் கொண்டுவர எந்த ஆசாரியாலும் முடியாது.

அமெரிக்காவில் இந்தப் பாடத்தைப் பொருள்களை இழந்துதான் கற்றுக்கொண்டார்கள். அங்கே 18-ஆம் நூற்றாண்டில் செய்த விண்ட்சர் நாற்காலிகளில் இருக்கை ஒரு மரம், கால் வேறு மரம், முதுகுக் குச்சிகள் இன்னொரு மரம். அந்த வேற்றுமை தெரியாமலிருக்கவே பெரும்பாலும் பச்சைச் சாயம் பூசினார்கள். பின்னால் வந்தவர்கள் மரம் தெரிந்தால்தான் அழகு என்று சாயத்தைச் சுரண்டி எடுத்தார்கள். இன்று சுரண்டாமல் தப்பியவற்றைத்தான் அருங்காட்சியகங்கள் தேடுகின்றன. டெலவேர் மாநிலத்தில் ஹென்றி பிரான்சிஸ் டூ பான்ட் தான் சேர்த்த அமெரிக்க மரச்சாமான்களோடு தன் வீட்டையே 1951-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அதுதான் விண்டர்தூர் அருங்காட்சியகம். டெலவேர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அங்கே பழம்பொருள்களைப் பாதுகாக்கும் கலையைப் பாடமாகவே கற்பிக்கிறார்கள். அத்தகைய இடங்களில் கைக்கொள்ளும் முறைகளில் டெல்டா வீட்டுக்குப் பொருந்துபவற்றை மட்டும் இங்கே சொல்கிறோம்.

முதல் வேலை, பார்ப்பது

ஒரு நாள் முழுக்க எதையும் தேய்க்காமல் பாருங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பலகைக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு, பள்ளம், விரிசல், தூக்கிக்கொண்ட வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு) எல்லாம் நிழல் விட்டுக் காட்டும். இழுப்பறையை வெளியே எடுத்து அடிப்பலகையை விரல் நுனியால் இழையோட்டத்துக்குக் குறுக்கே தடவுங்கள். கையால் இழைத்த பலகை சின்னச் சின்ன அலையாக ஏறி இறங்கும். இயந்திரத்தில் இழைத்தது சமதளமாக இருக்கும் அல்லது ஒரே சீரான நெருக்கமான வரிகளாக இருக்கும். வட்ட ரம்பம் அறுத்த பலகையில் வில்போல் வளைந்த கோடு தெரியும். அமெரிக்கச் சாமான்களில் அந்த வளைகோடு 1830-ஐ ஒட்டித்தான் பரவலாகிறது என்பதால் அவர்கள் அதை வைத்துக் காலம் கணிக்கிறார்கள். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. நம் ஊரில் கைவாள் அறுவை அதற்கு வெகு காலம் பின்னும் இருந்தது. ஆனால் கூட்டல் குறிபோல் தலை வெட்டிய திருகாணி எங்கேயாவது இருந்தால், அது 1930-களுக்குப் பின் நடந்த பழுதுபார்ப்பு. இது எந்த ஊருக்கும் பொருந்தும்.

வட்ட மேசை இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. இழையோட்டத்தின் வழியே விட்டத்தை அளந்து, பிறகு குறுக்கே அளந்து பாருங்கள். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். வட்டமாகக் கடைந்த பழைய மேசை வருஷங்கள் போகப்போகக் குறுக்கே சில மில்லிமீட்டர் குறைந்து லேசான முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். அமெரிக்க அருங்காட்சியகத்தார் 18-ஆம் நூற்றாண்டு மகாகனி மேசைகளை இப்படித்தான் அளந்து பார்க்கிறார்கள். இரண்டு விட்டமும் அச்சாக ஒன்றாக இருந்தால் மேல்பலகை பிற்காலத்தது என்று சந்தேகப்படலாம்.

பார்த்ததையெல்லாம் படம் எடுத்து வையுங்கள். அடியிலும் பின்புறத்திலும் ஆசாரி போட்ட சுண்ணாம்புக் கோடு, பென்சில் எண், மரக்கடை முத்திரை எதையும் துடைக்காதீர்கள்.

ஈரம்: டெல்டாவின் பெரும் சிக்கல்

பல மேலைநாட்டு அருங்காட்சியகங்கள் காற்றின் ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் நாகப்பட்டினத்தில் அது 80-ஐத் தாண்டுவது சாதாரணம். அதற்காக அலமாரியை ஏசி அறைக்குள் தள்ளுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கணக்கைப் பாருங்கள். 80 சதவீத ஈரப்பதத்தில் மரம் தன் எடையில் ஏறத்தாழ 16 சதவீத நீரைப் பிடித்து வைத்திருக்கும், 50 சதவீதத்தில் 9 சதவீதம்தான். 60 செ.மீ. அகலத் தேக்குப் பலகை இந்த இரண்டு நிலைக்கும் இடையில் குறுக்கே ஏறத்தாழ 7 மி.மீ. வரை சுருங்கும். இரண்டு ஓரமும் ஆணி அடித்து இறுக்கியிருந்தால் அந்த 7 மி.மீட்டருக்கு வேறு வழியில்லை, நடுவில் பிளந்துவிடும். இரவில் ஏசி, பகலில் திறந்த ஜன்னல் என்று மாறி மாறி இருந்தால் இன்னும் மோசம். நூறு வருஷமாக இந்த ஊர்க் காற்றுக்குப் பழகிய மரத்தை அந்தக் காற்றிலேயே, ஏற்ற இறக்கம் குறைவாக உள்ள உள்கூடத்தில் விட்டுவிடுவது மேல்.

ஈரப்பதமானி ஒன்று வாங்கிச் சாமான் பக்கத்தில் வையுங்கள். அது காட்டுவது சரிதானா என்று பார்க்க வேதாரண்யத்து உப்பு போதும். ஒரு மூடியில் இரண்டு ஸ்பூன் உப்பு போட்டு, கூழாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மூடியையும் கருவியையும் காற்றுப்புகாத டப்பாவுக்குள் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வையுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 80 காட்டினால் எப்போதும் 5 கழித்துக்கொள்ளுங்கள்.

ஈரப்பதம் நாள்கணக்கில் 70-க்கு மேல் நின்று, காற்றும் அசையாமல் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால் சுவரிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் அலமாரிக் கதவைத் தினம் ஒரு மணி நேரம் திறந்து, எதிரே மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். கால்களுக்கு அடியில் கருங்கல் துண்டும், கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே தடித்த பிளாஸ்டிக் தாளும் வையுங்கள். தரை துடைக்கும்போது நனைவது கால் நுனிதான். மரத்தின் வெட்டுமுனை வைக்கோல் கற்றைபோல் நீரை உறிஞ்சும். எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கும் பழக்கத்தை இந்தக் காரணத்தாலேயே விட்டுவிட வேண்டும். எவ்வளவோ நல்ல அலமாரிகள் அடி இற்றுப்போய்ச் சாய்ந்ததற்கு அந்தக் கிண்ணம்தான் காரணம்.

கார்த்திகையில் இழுப்பறை இறுகிக்கொண்டால் இழைப்புளி வைக்காதீர்கள். பங்குனியில் தானே தளரும். இழைத்துவிட்டால் கோடையில் லொடலொடவென்று ஆடும். மிகவும் இறுகினால் ஓடும் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும்.

தூசியும் அழுக்கும்

தூசிக்கு மென்மையான ஆட்டுமுடித் தூரிகை போதும். வலது கையால் தூசியைத் தள்ளி, இடது கையில் பிடித்த வேக்குவம் கிளீனரின் வாயில் வாங்குங்கள். இறகுக் குச்சமும் பழைய துணியும் வேண்டாம். தூக்கி நிற்கும் வெனீர்ச் சில்லு துணி நூலில் மாட்டினால் பெயர்ந்து வந்துவிடும்.

படிந்த அழுக்குக்கு, மூலையில் ஒரு சதுர அங்குலத்தில் சோதனை. காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உருட்டுங்கள். பஞ்சில் சாம்பல் நிறம் வந்தால் அது அழுக்கு, தொடரலாம். தேன் நிறமோ பழுப்போ வந்தால் அது பெரும்பாலும் பழைய மெருகுதான் கரைகிறது, அங்கேயே நிறுத்துங்கள். தண்ணீர் போதவில்லை என்றால் ஒரு லிட்டருக்கு மூன்று நான்கு சொட்டு மிதமான பாத்திரச் சோப்புத் திரவம், உடனே வெறுந்தண்ணீர்ப் பஞ்சு, உடனே உலர்ந்த துணி. எச்சிலும் வேலை செய்யும். அருங்காட்சியக வல்லுநர்கள் எச்சிலில் நனைத்த பஞ்சுக் குச்சியை இன்றும் பயன்படுத்துகிறார்கள், அதிலுள்ள நொதிகள் அழுக்கை இளக்கும்.

துடைப்பதற்கு ஸ்பிரிட்டோ சானிடைசரோ மட்டும் கிட்டே வரக்கூடாது. நம் பழைய பிரெஞ்ச் பாலிஷுக்கு அடிப்படை அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேசைகளில் பலவற்றுக்கும் அதே அரக்குதான் மெருகு. எந்த மெருகு என்று தெரியவேண்டுமானால், மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்து அரை நிமிஷம் கழித்து விரலால் தொடுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுவதும் அரக்கு மெருகுக்குள் ஈரம் புகுந்ததால்தான். பல வளையங்கள் வறண்ட நாளில் தாமாகவே மங்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால் வளையம் போய்க் குழி வரும்.

எண்ணெயா மெழுகா

எண்ணெய் வேண்டாம். அமெரிக்க அருங்காட்சியகங்களில் ஒரு காலத்தில் ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன், வினிகர் கலந்து வருஷா வருஷம் பூசினார்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகிக் கறுத்து, எந்தக் கரைப்பானுக்கும் எளிதில் அசையாத தோலாகிவிட்டது. அதை எடுக்க இன்றும் பாடுபடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் இறுகவே இறுகாது. பிசுக்காக நின்று தூசியைப் பிடித்துக்கொண்டு காறல் வாடை அடிக்கும்.

மெழுகுதான் நல்லது. மரத்துக்கு அது உணவும் இல்லை, மருந்தும் இல்லை. மேலே ஒரு மெல்லிய கவசம், அவ்வளவே. 100 கிராம் தேன்மெழுகைத் துருவிக் கண்ணாடி பாட்டிலில் போட்டு 200 மில்லி டர்பன்டைன் ஊற்றி மூடி இரண்டு மூன்று நாள் விடுங்கள். அடுப்பே வேண்டாம், டர்பன்டைன் ஆவி தீப்பிடிக்கும். வெண்ணெய்ப் பதத்துக்கு வந்ததும் பருத்தித் துணியில் பட்டாணி அளவு எடுத்து, ஒரு அடிக்கு ஒரு அடி இடத்தில் மெல்லப் பரப்பி, இருபது நிமிஷம் விட்டு, வேறு துணியால் இழையோட்டத்தின் வழியே தேய்த்து எடுங்கள். விரல் வைத்தால் ரேகை பதியக் கூடாது. பதிந்தால் மெழுகு அதிகம். சித்திரை வெயிலில் தேன்மெழுகு இளகி ஒட்டும் வீடுகளில் கார்னோபா மெழுகு கலந்த ஆயத்த மெழுகு வாங்கலாம். வருஷம் ஒருமுறை, தை மாதம் காற்று வறண்ட பிறகு போட்டால் போதும். மெருகு பெயர்ந்து செதில் தூக்கிய இடத்தில் மெழுகு போடாதீர்கள். செதில் துணியோடு வந்துவிடும்.

பித்தளைக் கைப்பிடியைப் புளி போட்டுத் துலக்கினால் புளிநீர் மரத்தில் வடிந்து கறை விடும், கடைப் பாலிஷ் வெள்ளை மாவாகச் சுற்றிலும் தங்கும். களிம்பு இருந்தால் கைப்பிடியைக் கழற்றித் தனியாகத் துலக்குங்கள். மற்றபடி கறுத்த பித்தளை கறுத்தே இருக்கட்டும்.

உளுப்பும் கரையானும்

தேக்கின் வைரம், அதாவது கறுத்த உள்மரம், உளுக்காது. உளுப்பது வைரம் பாயாத வெளுத்த பகுதியும், செலவு குறைக்கப் பின்னால் அடித்த மாம்பலகையும்தான். 1 முதல் 2 மி.மீ. துளை, கீழே முகப்பவுடர் போன்ற தூள். துளை பழையதா புதியதா என்று அறிய, தூளை முழுக்கத் துடைத்துவிட்டு அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் பாருங்கள். வெளிறிய புதுத்தூள் குவிந்தால் வண்டு உள்ளே உயிரோடிருக்கிறது.

இழுப்பறை, முக்காலி போன்ற சிறு பொருளானால் குளிர்தான் பாதுகாப்பான மருந்து. பாலிதீன் தாளில் சுற்றி, காற்றை முடிந்தவரை வெளியேற்றி, டேப் ஒட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் தாளைப் பிரிக்காமல் ஒரு முழு நாள் விடுங்கள். இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரமெல்லாம் குளிர்ந்த மரத்தின் மேல் வேர்த்துக்கொள்ளும். வெனீர், தந்தம், சங்குப் பதிப்பு, சாயம் பூசிய பொருள் எதையும் உறையவைக்காதீர்கள். பெரிய அலமாரிக்கு ஆக்சிஜனை அகற்றும் முறை உண்டு. அதற்கான தனித்தாள் வேண்டும், சாதாரண பாலிதீன் ஆக்சிஜனை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். அதைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவது நல்லது.

கரையானுக்கு மண்ணெண்ணெயும் கழிவு ஆயிலும் பூசுவது மரத்தை நிரந்தரமாகக் கறையாக்கும், தீக்கும் வழி. கரையான் வருவது மண்ணிலிருந்து. சுவரோர மண்குழாயைக் கண்டுபிடித்துத் தரையில் சிகிச்சை செய்யவேண்டும்.

ஆடும் மூட்டு

பழைய ஆசாரிகள் ஒட்டியது வஜ்ஜிரத்தால், அதாவது மாட்டுத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசையால். ஆணி அடிக்காதீர்கள், பெவிகாலும் வேண்டாம். வஜ்ஜிரம் வெந்நீரில் இளகும், அடுத்த தலைமுறை கழற்றி மாட்டலாம். பெவிகால் மரத்துளைகளை அடைத்து நின்றுவிட்டால் அடுத்து எந்தப் பசையும் பிடிக்காது. வஜ்ஜிரத்தை இரண்டு பங்கு குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறு பாத்திரம் வைத்து 60 டிகிரியில் உருக்குங்கள். கொதித்தால் பலம் போய்விடும். கழுந்தையும் (துளைக்குள் நுழையும் மரமுனை) துளையையும் வெந்நீர்த் துணியால் துடைத்துப் பழைய பசையை எடுத்தபின், சூடாகத் தடவி, கயிறு முறுக்கி ஒரு நாள் கட்டிவையுங்கள். ஐப்பசி மழையில் இந்த வேலை வேண்டாம், காயாது.

வெள்ளம் புகுந்தால்

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நனைந்த சாமான்களைப் பலர் உடனே வெயிலில் போட்டார்கள். வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே ஊதியே இருக்க, பலகை முறுக்கிப் பிளக்கும். சேற்றையும் கடல் உப்பையும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, நிழலில், செங்கல் மேல் நிறுத்தி, காற்றோட்டத்தில் வாரக்கணக்கில் உலரவிடுங்கள். இறுகிய இழுப்பறையை இழுக்காமல் பின்பலகையைக் கழற்றி உள்ளிருந்து தள்ளுங்கள். பெயர்ந்த ஒவ்வொரு வெனீர்த் துண்டையும் கவரில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதி, அந்தப் பொருளிலேயே கட்டிவையுங்கள்.

நகர்த்தும்போது நாற்காலியைக் கைப்பிடியிலோ முதுகிலோ பிடிக்காமல் இருக்கைச் சட்டத்தில் பிடித்துத் தூக்குங்கள். அலமாரியில் இழுப்பறைகளை முதலில் எடுத்துவிட்டு, இரண்டு பேர் தூக்கவேண்டும். மோதிரமும் வளையலும் கழற்றி வைத்துவிட்டுத் தொடுங்கள்.